வலிக்கு ஷாக் ட்ரீட்மென்ட்டா? ஈசிடி பற்றி முதல்முறை படிப்பவர்களுக்கு

கடலூர், புதுச்சேரி பக்கம் வருஷக்கணக்காக வலியோடு இருப்பவர்களுக்கு யோசனை சொல்ல ஆள் பஞ்சமே கிடையாது. முட்டி வலியென்றால் முடக்கத்தான் தோசை, இடுப்பு வலியென்றால் எண்ணெய் தேய்த்து நீவல், எதற்கும் அடங்கவில்லையென்றால் "ஜிப்மர்ல ஒருவாட்டி காட்டிடுங்க". எலும்பு டாக்டர், நரம்பு டாக்டர் எல்லாம் பார்த்து முடித்தபின் யாராவது மனநல மருத்துவரையும் ஒருமுறை பாருங்கள் என்று எழுதிக்கொடுத்தால் அன்றைக்கு வீட்டில் ரகளைதான். "எனக்கு இடுப்புலதான் வலி, புத்தியில ஒண்ணும் கோளாறு இல்ல" என்று சீட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இதில், தலைக்கு மின்சாரம் வைத்தால் வலி குறையுமாமே என்று பிள்ளைகள் கைபேசியில் படித்துவிட்டு வந்து வேறு கேட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈசிடி, அதாவது ஊரில் ஷாக் ட்ரீட்மென்ட் என்கிற, தலைக்கு மின்சாரம் வைத்து வலிப்பு வரவைக்கிற மனநல சிகிச்சை, வலிக்கென்று ஏற்பட்டது இல்லை. ஆனால் தீராத வலியும் கடுமையான மனச்சோர்வும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிற சிலருக்கு, மனச்சோர்வுக்காக ஈசிடி கொடுத்தபோது வலியும் சேர்ந்து இறங்கியிருக்கிறது. அதனால் இதில் கேட்க வேண்டிய கேள்வி "ஷாக் கொடுத்தா வலி போகுமா" என்பது இல்லை, "இந்த ஆளுக்கு இதை எதற்காகக் கொடுக்கப் பார்க்கிறார்கள், வலிக்கா மனச்சோர்வுக்கா" என்பதுதான். மீதிக் கட்டுரை முழுக்க இதற்கான விளக்கம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற பெண்கள் நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து கழுத்தும் முதுகும் பிடித்துக்கொண்டு பிசியோதெரபிக்குப் போவார்கள். அங்கே ஈரமான பட்டைகளை முதுகில் ஒட்டி, குறுகுறுவென்று எறும்பு ஊர்கிற மாதிரி மின்சாரம் வைப்பார்கள். "பத்து நாள் கரண்ட் வச்சேன், பரவால்ல" என்பது இதைத்தான். டென்ஸ், ஐஎஃப்டி என்று மெஷினுக்கு மெஷின் பெயர் மாறும். இது வேலை செய்வதற்குச் சொல்லப்படும் காரணம் 1965இல் மெல்சாக், வால் என்ற இருவர் முன்வைத்த கதவுக் கோட்பாடு: தொடுகையைச் சுமந்துவரும் தடித்த நரம்பு இழைகளைத் தூண்டிவிட்டால், தண்டுவடத்திலேயே வலிச் சேதி மேலே போகிற வழி ஓரளவு அடைபடும். அடிபட்ட இடத்தை நாம் தன்னையறியாமல் தேய்த்துவிட்டுக் கொள்வதும் இதே கணக்குதான். இந்தச் சிகிச்சையில் மூளைக்கு மின்சாரம் போவதில்லை, மயக்க மருந்து தேவையில்லை, வலிப்பு வராது. ஈசிடிக்கும் இதற்கும் பொதுவானது பிளக் பாயின்ட் மட்டும்தான்.

(வலிக்கு மின்சாரம் வைப்பது ரொம்பப் பழைய யோசனை. கி.பி. முதல் நூற்றாண்டில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோமானிய மருத்துவர், தலைவலிக்கும் காலில் வரும் கௌட் வாத வலிக்கும் உயிருள்ள மின்திருக்கை மீனை வலிக்கிற இடத்தில் வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். அதே நூற்றாண்டில் நம் அரிக்கமேட்டுக்கு ரோமானியச் சாடிகளும் மதுவும் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. அவற்றோடு இந்த வைத்தியமும் வந்து இறங்கியதா என்று கேட்காதீர்கள், சும்மா சொல்லத் தோன்றியது.)

சரி, ஈசிடிக்கு வருவோம். இதில் மின்சாரம் மருந்தே இல்லை. அது மூளையில் வரவைக்கிற வலிப்புதான் மருந்து. இந்த ஒரு வரி புரிந்துவிட்டால் பாதி புரிந்த மாதிரி. 1934இல் புடாபெஸ்ட் நகரத்தில் லாடிஸ்லாஸ் மெடுனா என்பவர் மனச்சிதைவு நோயாளிகளுக்குக் கற்பூரத்தை ஊசியாகப் போட்டு வலிப்பு வரவைத்துப் பார்த்தார். வலிப்பு நோயும் மனச்சிதைவும் ஒன்றுக்கொன்று எதிரி, ஒன்று வந்தால் மற்றது விலகும் என்பது அவர் எண்ணம். அந்த எண்ணம் தவறு என்று பின்னால் தெரிந்தது. ஆனாலும் பேச்சு மூச்சு அசைவு இல்லாமல் உறைந்து கிடந்த சில நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள் என்பது நிஜம். அப்புறம் 1938 ஏப்ரலில் ரோம் நகரில் செர்லெட்டி, பினி இருவரும் மருந்துக்குப் பதிலாக மின்சாரத்தால் வலிப்பை வரவைத்தார்கள். ஊசியைவிட அது சட்டென்று நடந்தது, அளவும் கைக்குள் இருந்தது.

ஆரம்ப காலத்தில் மயக்க மருந்து கிடையாது. வலிப்பின் வேகத்தில் பல் உடையும், சில பேருக்கு முதுகெலும்பே நொறுங்கியதுண்டு. நம் சினிமாக்காரர்கள் இன்றுவரை பிடித்துக்கொண்டு தொங்குவது அந்தக் காலத்து ஈசிடியைத்தான்: கட்டிலில் கட்டிப்போடுவது, நாலு பேர் அமுக்குவது, கத்தல், விளக்கு மினுக்குவது. இன்றைக்கு அப்படிக் கொடுத்தால் இந்தியாவில் அது சட்டப்படி குற்றம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆவது பிரிவு, மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் ஈசிடி கொடுப்பதைத் தடை செய்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் தடை உண்டு, பாதுகாவலரின் சம்மதமும் மனநல வாரியத்தின் முன் அனுமதியும் இருந்தால் மட்டுமே விலக்கு. அவசர சிகிச்சை என்ற பெயரில் கொடுக்கவும் முடியாது. சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது.

இப்போது எப்படி நடக்கிறது? முதல் நாள் ராத்திரி சாப்பிட்டதோடு சரி, காலையில் வெறும் வயிறு. தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொல்வார்கள், முக்கியமாகத் தலையில் எண்ணெய் வைக்கக் கூடாது. தேங்காயெண்ணெய் பளபளக்க வந்து நின்றால் மின்முனை தோலோடு சரியாகப் படியாது, திரும்பக் கழுவிவிட்டு வரச் சொல்லுவார்கள். மூக்குத்தி, தோடு, கட்டுப்பல் எல்லாம் கழற்ற வேண்டும், நகப்பூச்சும் கூடாது, விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் அளவுக் கருவிக்கு அது இடைஞ்சல். ஆடுகிற பல் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கையில் ஊசிக்குழாய் ஏற்றி, தயோபென்டோன் அல்லது புரோபொஃபால் மாதிரி ஒரு மயக்க மருந்து. ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னால் பத்தைத் தாண்டுபவர்கள் குறைவு. அடுத்து தசை தளர்த்தும் மருந்து போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்வார்கள், எனக்கு இதில் ரொம்பப் பிடித்த சங்கதி இதுதான்: ஒரு காலில் கணுக்காலுக்கு மேலே ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கட்டிக் காற்றடித்து இறுக்கிவிடுவார்கள். தளர்த்தும் மருந்து அந்தப் பாதத்துக்குள் மட்டும் இறங்காது. பிறகு மின்சாரம் கொடுக்கும்போது உடம்பு முழுக்கத் துவண்டு கிடக்க, அந்த ஒரு பாதம் மட்டும் வெடுக் வெடுக்கென்று துடிக்கும். மூளையில் வலிப்பு வந்ததா, எத்தனை விநாடி நீடித்தது என்பதை அந்தப் பாதத்தைப் பார்த்தே எண்ணிவிடலாம். மூளை அலைகளை வரைகிற காகிதமும் ஒருபக்கம் ஓடிக்கொண்டிருக்கும்.

மின்சாரம் பாய்வது சில விநாடிகள். வலிப்பு பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். இவ்வளவு நேரமும் மயக்க டாக்டர் ஆக்சிஜன் பையை அமுக்கிக்கொண்டே இருப்பார். கால்மணி, அரைமணியில் ஆள் விழித்து, "எங்க இருக்கேன்" என்று கொஞ்ச நேரம் மலங்க மலங்கப் பார்த்துவிட்டு, பத்து மணிவாக்கில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பார். வாரத்துக்கு 2 அல்லது 3 முறை, மொத்தம் 6 முதல் 12 முறை என்பது வழக்கமான கணக்கு.

இனி வலி. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற வலியை நாள்பட்ட வலி என்கிறார்கள், ஆனால் வெறும் காலக்கணக்கு மட்டும் இல்லை விஷயம். கால் சுளுக்கினால் வலிப்பது உடம்பு கொடுக்கிற எச்சரிக்கை, சுளுக்கு சரியானால் எச்சரிக்கையும் நிற்க வேண்டும். நாள்பட்ட வலி என்பது புயல் கரையைக் கடந்து போய், வெயிலும் அடித்து, அதற்கப்புறமும் கடலூர் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டை யாரும் இறக்காமல் விட்டுவிட்ட மாதிரி. திசு ஆறியிருக்கும், ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் தெரியாது, ஆனால் தண்டுவடமும் மூளையும் இன்னும் ஆபத்து என்றே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். மெல்லிய போர்வை பட்டாலே சுரீரென்று எரியும். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லியே, அப்புறம் ஏன் நடிக்கிற" என்று சொந்தக்காரர்கள் கேட்பது இந்த இடத்தில்தான், அதைவிடக் கொடுமை எதுவும் கிடையாது. வலி நிஜம். அது கிளம்புகிற இடம்தான் மாறிவிட்டது.

சர்க்கரை நோயில் காலை எடுத்த பிறகு இல்லாத கட்டைவிரல் வலிக்கும். பக்கவாதம் வந்து தலாமஸ் என்ற மூளைப்பகுதி பாதித்தவர்களுக்கு உடம்பின் ஒரு பாதி முழுக்க எரியும். கை எலும்பு முறிந்து கட்டுப் பிரித்த பிறகு கை வீங்கி, நிறம் மாறி, தொடவே விடாத வலி சிலருக்கு வரும், சிஆர்பிஎஸ் என்பார்கள். உடம்பெல்லாம் வலி, தூக்கமில்லை, அசதி என்கிற ஃபைப்ரோமயால்ஜியா இன்னொன்று. ஈசிடி கொடுத்துப் பார்த்ததாக மருத்துவ இதழ்களில் எழுதப்பட்டிருக்கிற வலிகள் பெரும்பாலும் இந்த வகையறாதான். தேய்ந்த முட்டிக்கோ, டிஸ்க் விலகி நரம்பை அழுத்துவதற்கோ யாரும் ஈசிடி பக்கம் போவதில்லை, போகவும் வேண்டாம்.

வலியும் மனச்சோர்வும் ஏன் சேர்ந்தே வருகின்றன? ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லாமல் வலித்தால் யாருக்கும் மனசு விட்டுப்போகும் என்பது ஒரு பதில். இன்னொரு பதில் உடம்பின் வயரிங்கிலேயே இருக்கிறது. மூளையின் அடிப்பகுதியிலிருந்து தண்டுவடத்துக்குக் கீழ்நோக்கி இறங்கும் நரம்புப் பாதைகள் உண்டு, மேலே வருகிற வலிச் சேதியை அடக்குவது அவற்றின் வேலை. அவை பயன்படுத்துகிற ரசாயனங்கள் செரோடோனினும் நார்அட்ரினலினும். மனச்சோர்விலும் இதே இரண்டுதான் அடிபடுகின்றன. மனச்சோர்வுக்கென்று வந்த அமிட்ரிப்டிலின், டுலோக்செடின் மாத்திரைகளை நரம்பு வலிக்கும் எழுதிக்கொடுப்பது இதனால்தான். மருந்துக்கடையில் இது டிப்ரஷன் மாத்திரை என்று சொல்லிவிட்டார்கள் என்று பதறிப்போய் நிறுத்திவிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஈசிடி இந்த ரசாயனங்களையும், உடம்பே சுரக்கிற அபின் மாதிரியான வலி நிவாரணிகளையும், தலாமஸின் ரத்த ஓட்டத்தையும் மாற்றுகிறது என்பதற்குத் தடயங்கள் உண்டு. அதோடு வலிக்கு இரண்டு முகம் இருக்கிறது. எங்கே, எவ்வளவு வலிக்கிறது என்பது ஒன்று. அந்த வலி நம்மை எவ்வளவு அரிக்கிறது என்பது மற்றொன்று. மூளையில் இரண்டையும் கவனிக்கிற பகுதிகள் முழுக்க ஒன்றல்ல. "வலி இருக்கத்தான் செய்யுது, ஆனா அதையே நெனச்சுக்கிட்டு கெடக்கல" என்று ஒருவர் சொன்னால் அது சமாதானப் பேச்சு இல்லை, இரண்டாவது முகம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். அந்த மனிதருக்கு அதுவே பெரிய விடுதலை.

இதுவரை கேட்டால் ஆஹா என்று இருக்கும். ஆதாரம் என்ன நிலைமையில் இருக்கிறது என்று பார்த்தால்தான் சுருதி இறங்கும். இல்லாத காலின் வலி ஈசிடிக்குப் பிறகு மறைந்தது என்று 1946லேயே எழுதிவிட்டார்கள். அன்றிலிருந்து இன்றுவரை வந்திருப்பவை பெரும்பாலும் ஒருவர், இருவர், ஒரு சிறு குழு என்ற அளவிலான அறிக்கைகள்தான். பக்கவாதத்துக்குப் பின் வரும் வலியில் ஜப்பானிலிருந்து பலன் உண்டு என்று எழுதியிருக்கிறார்கள், பலனே இல்லை என்று எழுதியவர்களும் உண்டு. நூற்றுக்கணக்கானவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நிஜ ஈசிடி, மறுபாதிக்கு மயக்கம் மட்டும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்த பெரிய ஆய்வின் பலம் இதற்குக் கிடையாது.

அது இல்லாதபோது என்ன ஆகும் என்றால், நாலு விதமாக ஏமாறலாம். குணமானவர்களைப் பற்றித்தான் மருத்துவர்கள் எழுதுவார்கள், குணமாகாதவர்கள் கோப்போடு போய்விடுவார்கள். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நோயாளி வருவார், எதுவும் செய்யாவிட்டாலும் உச்சத்திலிருந்து கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். இவ்வளவு பெரிய சிகிச்சை நடந்திருக்கிறது என்ற நம்பிக்கையே வலியைக் குறைக்கும். நாலாவது கொஞ்சம் நுணுக்கம்: சில இடங்களில் ஈசிடிக்கு மயக்க மருந்தாகக் கெட்டமைன் போடுவார்கள். கெட்டமைனே நரம்பு வலிக்குத் தனியாகக் கொடுக்கப்படுகிற மருந்து! வலி இறங்கினால் வலிப்பால் இறங்கியதா, கெட்டமைனால் இறங்கியதா? யாரால் சொல்ல முடியும்?

அதனால்தான் உலக அளவில் ஈசிடிக்கு அனுமதி கொடுத்திருக்கும் பட்டியல்களில் வலி கிடையாது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் ஈசிடி இயந்திரங்களை மறுவகைப்படுத்தியபோது சொன்னது கடுமையான மனச்சோர்வு நிலையும், உறைந்துபோகிற கேட்டடோனியாவும். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் தருகிற நைஸ் அமைப்பு சொல்வதும் மனச்சோர்வு, கேட்டடோனியா, அடங்காத மேனியா என்ற மிதமிஞ்சிய மனக்கிளர்ச்சி. நான் அந்தப் பட்டியலை மதிக்கிறவன். ஆனால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: வலியோடு கடுமையான மனச்சோர்வு, சாப்பாடு இறங்கவில்லை, உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு, மாத்திரைகள் கேட்கவில்லை என்ற நிலையில் ஒருவர் இருந்தால், அவருக்கு ஈசிடியைப் பரிந்துரைப்பது எந்த வகையிலும் அதிகப்படி இல்லை. மனச்சோர்வுக்கு அது இருப்பதிலேயே வலுவான சிகிச்சைகளில் ஒன்று. அதைப் போய் "வலிக்கு ஷாக் கொடுக்கிறாங்களாம்" என்று ஊரே திரண்டு தடுத்துவிடுவதும் ஆபத்துதான்.

பக்கவிளைவு பற்றிப் பூசி மெழுக விருப்பமில்லை. அன்றைக்குத் தலைவலி வரும், தசை வலிக்கும், சிலருக்குக் குமட்டல், வலிக்கென்று போய் வலியோடு திரும்புகிற வேடிக்கை. உயிராபத்து மிகக் குறைவு, ஒரு லட்சம் சிகிச்சைக்குச் சுமார் 2 என்ற அளவு, அதுவும் பெரும்பாலும் இதய, சுவாசக் கோளாறுகளால். உண்மையான விலை நினைவாற்றல். சிகிச்சை நடக்கிற வாரங்களில் புதிதாக எதுவும் மனதில் நிற்காது, அதற்கு முந்தைய சில மாதங்களின் சம்பவங்களும் அங்கங்கே அழிந்திருக்கும். புதியதை மனதில் நிறுத்துகிற திறன் சில வாரங்களில் பெரும்பாலும் திரும்பிவிடும், ஆனால் பழைய நினைவுகளில் விழுந்த ஓட்டைகள் சிலருக்கு நிரந்தரமாகவே தங்கும். மின்முனைகளை இரண்டு நெற்றிப்பொட்டிலும் வைக்காமல் வலப்பக்கம் மட்டும் வைத்து, மின்துடிப்பின் நீளத்தையும் குறைத்தால் இந்தப் பாதிப்பு குறைகிறது. எந்த முறையில் கொடுக்கப்போகிறீர்கள் என்று டாக்டரைக் கேட்பதில் தப்பே இல்லை.

வலி நோயாளிகளுக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது, இதைப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள். நரம்பு வலிக்கு நம் ஊரில் ஏறக்குறைய எல்லோருக்கும் எழுதிக்கொடுக்கிற பிரிகாபலின், காபாபென்டின் இரண்டுமே வலிப்பை அடக்குகிற மருந்துகள். தூக்கத்துக்கென்று தருகிற குளோனாசிபாமும் அப்படித்தான். வலிப்பை வரவைப்பதுதான் சிகிச்சை என்னும்போது, வலிப்பை அடக்குகிற மாத்திரையை ராத்திரி போட்டுக்கொண்டு போனால் எப்படி வேலை செய்யும்? டிரமடால் என்ற வலி மாத்திரை இதற்கு நேரெதிர், அது வலிப்பை எளிதாக வரவைக்கும். அதற்காக நீங்களாக எதையும் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது, அது வேறு வம்பு. போட்டுக்கொள்கிற எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மேசையில் கொட்டிவிடுங்கள். சமீபத்தில் மாரடைப்பு வந்தது, மூளையில் கட்டி அல்லது ரத்தக்குழாய் வீக்கம், பேஸ்மேக்கர், மூச்சிரைப்புக்குத் தியோஃபிலின் சாப்பிடுவது இவற்றையும் மறைக்க வேண்டாம்.

மனச்சோர்வு இல்லை, வலி மட்டும்தான் என்பவர்களுக்கு ஈசிடிக்கு முன்னால் பார்க்க வேண்டியவை வரிசையில் நிற்கின்றன: சரியான அளவில் சரியான காலத்துக்கு நரம்பு வலி மாத்திரைகள், விடாமல் செய்கிற உடற்பயிற்சி, வலியைக் கையாளக் கற்றுக்கொடுக்கும் உளவியல் சிகிச்சை, வலி மருத்துவர் போடுகிற நரம்புத்தடை ஊசி, தண்டுவடத்தில் பதிக்கிற மின்தூண்டி. மூளையைத் தொட்டுத்தான் ஏதாவது செய்ய வேண்டும் என்றால் டிஎம்எஸ் என்ற காந்தத் தூண்டல் இருக்கிறது. அதில் மயக்கமும் இல்லை, வலிப்பு வரவைப்பதும் இல்லை, உட்கார்ந்த வாக்கில் தலையில் சுருளை வைத்துத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். நரம்பு வலிக்கு அதற்கிருக்கும் ஆய்வு ஆதாரம் ஈசிடியைவிடத் தேவலை.

ஈசிடிதான் என்று முடிவாகிவிட்டால், கூட இருக்கப் போகிற ஆளை முதலில் முடிவு செய்யுங்கள். வாரத்துக்கு மூன்று நாள், ஒரு மாதம் வரை, காலையில் அழைத்துப்போய்த் திரும்பக் கூட்டிவர ஒருவர் வேண்டும். சிகிச்சை நடக்கிற காலம் முழுக்க வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது, சீட்டுக் கட்டுவது மாதிரி பணம் புரள்கிற காரியங்களைத் தள்ளிப்போட வேண்டும். தொடங்குவதற்கு முன்பே ஏடிஎம் ரகசிய எண், கைபேசியின் பூட்டு, நகை அடகு வைத்த ரசீது எந்த டப்பாவில் இருக்கிறது, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வைத்துவிடுங்கள். வரவேண்டிய பணத்தை முதலில் எழுதுங்கள்.